உப்பு நீரும் பன்னிரண்டு கோடி செல்களும்

(ஏற்காட்டில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சேலத்திலிருந்து மலையேறும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்கள், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் முன்பே ஒரு விளம்பரத்தைக் கடந்து வந்திருப்பார்கள். மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் நிரந்தர குணம். தமிழ்நாட்டில் அந்த வாசகம் ஏறாத சுவர் குறைவு. எழுதியவர் யார், படித்தது என்ன, எத்தனை பேருக்குக் குணமானது, ஆகாதவர்கள் எங்கே போனார்கள் என்று சுவர் சொல்வதில்லை. பார்ப்பவரும் கேட்பதில்லை. பௌத்திரம் வந்தவர் அதை வீட்டிலேயே சொல்லக் கூசுகிறவர். ஊரைக் கூட்டி விசாரிக்கவா போகிறார்?

அதே பௌத்திரத்துக்கு 2018 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு ஸ்டெம் செல் மருந்தை அனுமதித்தது. பெயர் அலோஃபிசெல். சாதாரணப் பௌத்திரத்துக்கு அல்ல. குரோன் நோய் என்னும் குடல் அழற்சியால் ஆசனவாயைச் சுற்றி உண்டாகிற, எந்த மருந்துக்கும் எளிதில் மசியாத பௌத்திரத்துக்கு. ஒரு நோயாளிக்கு ஒரு முறை செலுத்துவது பன்னிரண்டு கோடி செல்கள். உலகமே வியந்தது. 2021இல் ஜப்பானும் அனுமதித்தது. 2024 டிசம்பரில் தயாரித்த நிறுவனமே ஐரோப்பியச் சந்தையிலிருந்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. புதிதாக ஆபத்து எதுவும் தெரியவந்து எடுத்த முடிவில்லை இது. போலி மருந்தாகக் கொடுத்த உப்பு நீரோடு ஒப்பிட்டபோது மருந்து நிற்கவில்லை, அவ்வளவுதான்.

இன்றைய பேச்சு அந்த உப்பு நீரைப் பற்றியது என்றே வைத்துக்கொள்ளலாம். ஸ்டெம் செல் சிகிச்சை நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் கிடைக்காது. எதோடு ஒப்பிட்டு நல்லது என்று கேட்டால் கிடைக்கும்.

முதலில் நோய். குடல் அழற்சி நோய் என்ற பெயரில் இரண்டு நோய்கள் அடங்குகின்றன. அல்சரேட்டிவ் கொலைடிஸ் பெருங்குடலின் உட்சவ்வைப் புண்ணாக்குவது. மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் படரும். ரத்தமும் சளியுமாகப் போகும். குரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய்வரை எங்கும் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதி அதற்குப் பிடித்த இடம். குடல் சுவரின் முழுத் தடிமனையும் அது தின்னும். அதனால்தான் குடலிலிருந்து தோலுக்கும், சிறுநீர்ப்பைக்கும், பெண்களுக்குப் பிறப்புறுப்புக்கும் துளைவழி விழுகிறது. ஆசனவாய் அருகே தோலில் திறப்பதுதான் பௌத்திரம். 1932இல் நியூயார்க்கில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூன்று மருத்துவர்கள் இதை விவரித்து எழுதினார்கள். அகர வரிசையில் முதலில் நின்றவருக்குப் பெயர் போனது. இரண்டு நோய்களுமே இளவயதில் வருபவை. கல்யாணம், வேலை, பிள்ளைப்பேறு என்று வாழ்க்கை விரியும் வயதில் வந்து, அடங்கி, மறுபடி கிளம்பி, ஆயுளுக்கும் கூடவே இருக்கும்.

இந்த மலையில் இதன் பொருள் என்ன? 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்து இங்கே பெரும்பாலான பிழைப்பு திறந்த வெளியில். காப்பிக்காட்டில் பழம் பறிக்கும் ஒருத்திக்கு ஒரு நாளில் பத்து முறை வயிறு கலக்கினால் அன்றைய கூலி போயிற்று. பதினைந்து நாள் அப்படி இருந்தால் வேலையே போயிற்று. வீட்டில் அதற்குச் சூடு என்பார்கள், சீதபேதி என்பார்கள், மூலம் என்பார்கள். வெந்தயம், மோர், கடைசியாக மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை. ஆறு வாரத்தைத் தாண்டியும் மலத்தில் ரத்தம் போனால் அது சூடு அல்ல என்பதை இங்குள்ள நாகலூரிலும் வாழவந்தியிலும் ஒருவர் விடாமல் தெரிந்துகொண்டால், இந்தச் சொற்பொழிவில் ஸ்டெம் செல் பகுதி முழுவதையும் மறந்துவிட்டாலும் பாதகமில்லை.

வெள்ளைக்காரர் நோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடமே நெடுநாள் இருந்தது. லூதியானாவைச் சேர்ந்த சூத் குழுவினர் பஞ்சாபில் வீடு வீடாகச் சென்று 51,910 பேரை விசாரித்துத் தேர்ந்தெடுத்துப் பரிசோதித்தார்கள். 23 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ். லட்சத்துக்கு 44 பேர். 2003இல் வெளியான இந்தக் கணக்கு பலரைத் திடுக்கிட வைத்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் குடியேறிய இந்தியர்களிடையே இந்த நோய் அங்குள்ள ஐரோப்பியரைவிட அதிகம் என்று ஓர் ஆய்வு சொல்லிவிட்டது. அதை எழுதியவர்களில் ஒருவர் வி. ஜெயந்தி, பின்னர் சென்னை ஸ்டான்லியில் குடல்நோய் மருத்துவராகப் பணியாற்றியவர். ஆக, நம் ரத்தத்தில் தடுப்பு எதுவும் இல்லை. மாறியது சூழல்.

ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, ஐரோப்பிய மருத்துவருக்கு அநேகமாகக் கவலையில்லாதது. குடல் காசநோய்.

சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண், சுருக்கம், காய்ச்சல், எடை இழப்பு. கொலனோஸ்கோபியில், அதாவது குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தால், குரோனும் காசநோயும் உடன்பிறந்தவை போல இருக்கும். ஒன்றுக்கு நோய் எதிர்ப்பு ஆற்றலை அடக்க வேண்டும். இன்னொன்றுக்கு அடக்கினால் ஆளே போய்விடுவார். குரோனுக்குப் புரட்சி மருந்தாக 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்சிமேப், உடம்பில் உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடும் என்பது 2001இல் தெளிவாயிற்று. இந்தியாவில் அந்த உறங்கும் கிருமி எத்தனை கோடிப் பேரிடம் இருக்கிறது என்பதை நினைத்தால் மருத்துவரின் கை நடுங்குவது புரியும்.

இந்தக் கண்ணியை அவிழ்க்க உழைத்த இடங்களில் முக்கியமானது இங்கிருந்து ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. அன்னா புளிமூடும் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவர்களது குழுவினரும் குடலின் பல இடங்களிலிருந்து சதைத்துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் ஒப்பிட்டார்கள். காசநோயில் அழற்சிக் கட்டிகள் பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டி, நடுவே அழுகிக் காணப்படும். குரோனில் சிறிதாக, தனித்தனியாக இருக்கும். படிக்க எளிது. நடைமுறையில் அவ்வளவு சுலபமில்லை. ஐயம் தீராதபோது முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்துவிட்டு, சில மாதம் கழித்து மறுபடி உள்ளே பார்ப்பது இந்திய வழக்கமாகிவிட்டது. வேலூருக்கு வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி புதிதுமல்ல; 1960களிலேயே பேக்கர், மாத்தன் என்ற அங்குள்ள மருத்துவர்கள் சுற்றுக் கிராமங்களில் கொள்ளைநோய் போலப் பரவிய ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கைத் துரத்தித் துரத்தி ஆராய்ந்தார்கள். நம் மாநிலத்தில் குரோனுக்கு எந்தப் புது சிகிச்சை வந்தாலும், அது ஸ்டெம் செல்லே ஆனாலும், முதலில் இந்த வாசலைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும்.

இனி, பௌத்திரத்துக்கான செல் சிகிச்சையின் தொடக்கத்தைப் பார்க்க மாட்ரிட் நகருக்குப் போகலாம். அங்கே தாமியான் கார்சியா ஓல்மோ என்ற அறுவை நிபுணரிடம் குரோன் நோயுள்ள ஓர் இளம்பெண் வந்தார். மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே துளைவழி. பலமுறை அறுவை செய்தும் மூடவில்லை. அவருடைய கொழுப்பிலிருந்தே செல்களைப் பிரித்து, வளர்த்து, அந்தத் துளைவழியைச் சுற்றிச் செலுத்தினார் கார்சியா ஓல்மோ. மூடியது. 2003இல் இதை எழுதினார். ஒரே ஒரு நோயாளி. ஆனால் அந்த ஒரு பெண்ணிலிருந்து ஒரு மருந்துத் தொழிலே முளைத்தது.

கொழுப்பிலிருந்து ஏன் எடுக்க வேண்டும்? மீசன்கைமல் ஸ்டெம் செல் என்று அழைக்கப்படுபவை எலும்பு மஜ்ஜையிலும் கொழுப்பிலும் இருக்கின்றன. கொழுப்பை உறிஞ்சி எடுப்பது சுலபம், செல்களும் நிறையக் கிடைக்கும். இவை குடலுக்குள் போய்ப் புதுக் குடலாக மாறும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், விளம்பரங்களும் அப்படித்தான் படம் போடுகின்றன. அப்படி நடப்பதில்லை. செலுத்திய செல்கள் சில நாள்களிலோ வாரங்களிலோ அழிந்துபோகின்றன. அதற்குள் அங்கிருக்கும் வெள்ளணுக்களின் கோபத்தைத் தணிக்கும் வேதிப்பொருள்களைச் சுரந்துவிடுகின்றன. அழற்சியை அடக்கும் டி செல்களைப் பெருக்குகின்றன. சண்டை நடக்கும் வீட்டுக்கு வந்த பெரியவர் மாதிரி என்று சொல்லலாம். அவர் அங்கே குடியேறுவதில்லை, பேசிச் சமாதானம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்.

குடியேறவில்லை என்றால் சொந்தச் செல்லாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆரோக்கியமான ஒருவரின் கொழுப்பிலிருந்து எடுத்து, தொழிற்சாலையில் பெருக்கி, குப்பியில் அடைத்து யாருக்கும் கொடுக்கலாம். பெல்ஜியத்தின் டைஜெனிக்ஸ் நிறுவனம் அதைச் செய்தது, அதுதான் அலோஃபிசெல்; 2018இல் ஜப்பானின் டகேடா அந்த நிறுவனத்தையே வாங்கியது. ஒவ்வொரு குப்பியிலும் மூன்று கோடி செல்கள், நான்கு குப்பிகள். செல்கள் உயிரோடு இருக்கும் நாள்கள் கொஞ்சம். அதற்குள் தொழிற்சாலையிலிருந்து அறுவை அரங்குக்கு வந்து சேர வேண்டும்.

அட்மயர் என்று பெயரிட்ட ஆய்வு நடந்தது. ஏழு ஐரோப்பிய நாடுகளும் இஸ்ரேலுமாக 49 மருத்துவமனைகள், 212 நோயாளிகள். பார்சிலோனாவின் ஹூலியன் பனேஸ் தலைமையில் எழுதப்பட்ட முடிவு 2016இல் லான்செட் இதழில் வந்தது. 24 வாரம் கழித்து, செல் பெற்றவர்களில் பாதிப் பேருக்குத் துளைவழி மூடியிருந்தது. உப்பு நீர் பெற்றவர்களில் 34 சதவீதத்தினருக்கு. வித்தியாசம் ஏறக்குறைய பதினைந்து சதவீதப் புள்ளி. அதை வைத்துத்தான் அனுமதி.

கவனிக்க வேண்டியது அந்த 34. வெறும் உப்பு நீர் எப்படி மூவரில் ஒருவரைக் குணப்படுத்தும்?

உப்பு நீர் குணப்படுத்தவில்லை. இரண்டு அணியினருக்கும் செல்லுக்கு முன்னால் வேறொன்று நடந்தது. மயக்க மருந்து கொடுத்து, எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, துளைவழி எங்கெங்கே கிளை விடுகிறது என்று பார்த்தார்கள். சீழ் வடிவதற்கு நூல் கோத்து வாரக்கணக்கில் விட்டார்கள். பிறகு நூலை எடுத்து, உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்து, குடல் பக்கத்து வாயைத் தைத்து மூடினார்கள். அதன் பிறகுதான் ஊசி. ஊசியில் செல் இருந்தாலென்ன, உப்பு நீர் இருந்தாலென்ன, அதற்கு முன்பே நோயாளிக்கு முதல்தரமான அறுவைப் பராமரிப்பு கிடைத்துவிட்டது. கூடவே இந்த நோயின் குணம்: தானாக ஏறும், தானாக இறங்கும். மோசமான நேரத்தில்தான் ஆய்வில் சேருகிறார்கள். அதன் பிறகு எது கொடுத்தாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

இரண்டாவது ஆய்வு இன்னும் பெரியது, 568 பேர். 2023 அக்டோபரில் முடிவு அறிவிக்கப்பட்டது. செல் பெற்றவர்களில் 48.8 சதவீதம். உப்பு நீர் பெற்றவர்களில் 46.3 சதவீதம்.

பதினைந்து, இரண்டரை ஆயிற்று. செல் கெட்டுப்போகவில்லை, அது முன்பு செய்ததையே ஏறக்குறையச் செய்தது. ஏறியது மறுபக்கம். ஒரு மருந்தைத் தோற்கடித்தது நல்ல சுத்தமும் நல்ல தையலும் என்று சொன்னால் அறுவை நிபுணர்கள் சிரிப்பார்கள், ஆனால் மறுக்கமாட்டார்கள். இங்கே ஒரு நிறுவனத்துக்கும் பாராட்டு சொல்ல வேண்டும், மருந்து நிறுவனங்களைப் பாராட்ட வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை: தோல்வியை வெளியிட்டார்கள், பிறகு ஐரோப்பாவில் கடையையும் மூடினார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019லேயே இந்த மருந்தைத் தங்கள் பொதுச் சுகாதார சேவைக்குப் பரிந்துரைக்க மறுத்திருந்தது. நான்கு குப்பிக்கு 54,000 பவுண்டு. அந்த விலைக்கு அந்தப் பலன் போதாது என்று கணக்குப் போட்டார்கள்.

ஒப்பிட்டுப் பார்ப்பது மேல்நாட்டு வழக்கம், நம் வைத்தியத்துக்கு அது பொருந்தாது என்று சொல்பவர்கள் உண்டு. பௌத்திரத்தை வைத்தே அவர்களுக்குப் பதில் சொல்லலாம். சுஸ்ருதர் காலத்திலிருந்து சொல்லப்படும் க்ஷார சூத்திரம், மருந்து பூசிய நூலைத் துளைவழியில் கோத்து மெல்ல மெல்ல அறுக்கும் முறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதை அறுவை சிகிச்சையோடு நேருக்கு நேர் நிறுத்திப் பல மையங்களில் சோதித்தது. 1991இல் முடிவு வந்தது. 265 பேருக்கு நூல், 237 பேருக்குக் கத்தி. நூலில் ஆறுவதற்கு எட்டு வாரம், கத்தியில் நான்கு வாரம். ஆனால் திரும்ப வந்தது நூலில் 4 சதவீதம், கத்தியில் 11 சதவீதம். இது சாதாரணப் பௌத்திரத்துக்கான கணக்கு, குரோன் நோயாளிகள் இதை எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. ஆனாலும் என்ன அழகான ஆய்வு! பழைய முறை என்பதால் தள்ளவும் இல்லை, பழைய முறை என்பதால் கும்பிடவும் இல்லை. சுவரில் எழுதுகிறவர்கள் இந்த எண்களைக்கூட எழுதுவதில்லை என்பது வேடிக்கை.

ரத்த ஸ்டெம் செல்லின் கதை வேறு. இதில் வேலூருக்குத் தனி இடம் உண்டு. 1986இல் மேமன் சாண்டி தலைமையில் சி.எம்.சி.யில் எலும்பு மஜ்ஜை மாற்று தொடங்கியது. தலசீமியா, ரத்தப் புற்றுநோய் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த வாசலை மிதித்திருக்கின்றன. இந்தியாவில் ஸ்டெம் செல் சிகிச்சை என்று ஐயமில்லாமல் சொல்லத்தக்கது இதுதான். இதில் செல்கள் உண்மையாகவே குடியேறுகின்றன. நோயாளியின் பழைய மஜ்ஜையை மருந்தால் ஒழித்துவிட்டு, புது மஜ்ஜை அந்த இடத்தைப் பிடிக்கிறது.

ரத்தப் புற்றுக்காக இதைச் செய்துகொண்ட சிலருக்குக் கூடவே இருந்த குரோன் நோயும் அடங்கியதை 1990களில் மருத்துவர்கள் கவனித்தார்கள். அப்படியானால் குரோனுக்காகவே செய்தால்? நாட்டிங்ஹாமின் ஹாக்கி தலைமையில் ஆஸ்டிக் ஆய்வு நடந்தது. 45 பேர், 23 பேருக்கு உடனே அவர்களது சொந்த ரத்த ஸ்டெம் செல்லைக் கொண்டு மாற்று சிகிச்சை, 22 பேருக்கு ஓராண்டு தள்ளி. நோய் முழுவதும் அடங்கி, மருந்தில்லாமல், குடலில் தடயமில்லாமல் இருக்க வேண்டும் என்று கடுமையான இலக்கு வைத்தார்கள். அந்த இலக்கைத் தொட்டவர்கள் முதல் அணியில் இரண்டு பேர், அடுத்ததில் ஒருவர். முதல் அணியில் ஒருவர் இறந்தார். 2015இல் இந்த முடிவு வந்தது. மருந்தின் கடுமையைக் குறைத்து அடுத்த ஆய்வு தொடங்கினார்கள். சிறுநீரகத்தைத் தாக்கும் கடும் விளைவுகள் தோன்றியதால் அதை நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அல்சரேட்டிவ் கொலைடிஸுக்கோ குரோனுக்கோ உங்கள் ஸ்டெம் செல்லையே எடுத்து ரத்தத்தில் ஏற்றினால் போதும், வலியும் ஆபத்தும் இல்லை என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு ஆய்வையும் நினைவில் கொள்ளலாம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கதை திரும்புகிறது. அது நம் மண்ணுக்கு நெருக்கமான இடம்.

பிறந்து சில வாரங்களிலேயே ரத்தபேதி, ஆசனவாயைச் சுற்றிப் புண், பௌத்திரம், தேறாத எடை. சில கைக்குழந்தைகளுக்கு இப்படி வரும். இன்டர்லூகின்-10 என்ற சமாதானச் செய்தியைக் குடலின் வெள்ளணுக்கள் கேட்க முடியாமல், அதை வாங்கும் ஏற்பிக்கான மரபணு பழுதாகிப் பிறந்தவர்கள் இவர்கள். 2009இல் குளோக்கர் குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு குழந்தைக்கு உடன்பிறந்தவரின் மஜ்ஜையைக் கொடுத்தார்கள். நோய் அடங்கியது. பழுது வெள்ளணுவில் இருக்கிறது, வெள்ளணு மஜ்ஜையிலிருந்து வருகிறது, மஜ்ஜையை மாற்றினால் நோய் போகிறது. கணக்கு நேராக இருக்கும் இடத்தில் ஸ்டெம் செல்லும் நேராக வேலை செய்கிறது. பழுதான மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய். அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுவது உரிமையாகவே இருந்த ஊர் நம்முடையது. உறவுக்குள் திருமணம் நடந்த வீட்டில் கைக்குழந்தைக்கு ரத்தபேதி நிற்கவில்லை என்றால், அதைச் சீர் தட்டிற்று என்று வேப்பிலை அடித்துக் காலம் கடத்தாமல், மரபணுப் பரிசோதனை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த ஒரு வகையில் நேரம் உயிர்.

செல்லை வைத்துப் புதுக் குடல் தோல் வளர்ப்பது என்ற கனவு தோக்கியோவில் வேறு வழியில் உயிரோடிருக்கிறது. குடலின் உட்சவ்வு நான்கைந்து நாளுக்கொரு முறை தன்னையே புதுப்பித்துக்கொள்கிறது. நம் உடம்பில் இவ்வளவு வேகமாக மாறும் திசு அரிது. அதைச் செய்யும் ஸ்டெம் செல் சவ்வின் குழிகளின் அடியில் உட்கார்ந்திருக்கிறது என்று 2007இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகம் காட்டியது. 2009இல் அதே ஆய்வகத்தில் தோஷிரோ சாத்தோ அப்படி ஒரே ஒரு செல்லிலிருந்து கிண்ணத்தில் ஒரு குட்டிக் குடலையே வளர்த்துக் காட்டினார். ஆர்கனாய்டு என்கிறார்கள். 2012இல் மாமோரு வட்டனபேயின் தோக்கியோ குழு அப்படி வளர்த்ததை எலியின் புண்ணான பெருங்குடலில் ஒட்ட வைத்தது. 2022 ஜூலையில் அல்சரேட்டிவ் கொலைடிஸ் நோயாளி ஒருவருக்கு, அவருடைய குடலிலேயே புண்ணில்லாத இடத்திலிருந்து செல் எடுத்து, வளர்த்து, கொலனோஸ்கோபி வழியாகப் புண்ணின் மேல் வைத்தார்கள். உலகில் முதல் முறை. இதில் செல் சமாதானம் பேச வரவில்லை, தோலாகவே உட்கார வருகிறது. ஆறாத புண்ணுக்குப் பொருத்தமான யோசனை. ஆனால் அழற்சியின் காரணம் வேறெங்கோ இருக்க, மேலே புதுச் சவ்வு எத்தனை நாள் தாங்கும்? அதைச் சொல்லவும் ஓர் ஒப்பீட்டு அணி தேவைப்படும்.

இந்தியச் சட்டத்துக்கு வருவோம், இது சுருக்கமானது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றைத் தவிர ஸ்டெம் செல்லால் செய்யும் மற்றவை ஆய்வுக் கட்டத்தில் உள்ளவை. ஆய்வு என்றால் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும், நெறிமுறைக் குழு வேண்டும், சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் எண் வேண்டும், நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ஒழுங்கான பாதையில் போய் அனுமதி பெற்ற இந்திய மருந்தும் உண்டு. பெங்களூரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம் மஜ்ஜையிலிருந்து தயாரித்த ஸ்டெம்பியூசெல், கால் ரத்தநாளம் அடைபடும் நோய்க்கு 2016இல் வரையறுக்கப்பட்ட அனுமதியும் 2020இல் முழு அனுமதியும் பெற்றது. 2022இல் மூட்டுத் தேய்மானத்துக்கும் அனுமதி வந்தது. குடலுக்கு இல்லை. காலுக்கு அனுமதி உள்ள மருந்தைக் காட்டிக் குடலுக்கு விற்பதும், குழந்தை பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தம் சேமித்தீர்களா என்று ஏக்கத்தைக் கிளப்புவதும் வியாபாரத்தின் வேலை.

ஆகவே லட்சங்களில் தொகை சொல்லும் ஒருவரிடம் மூன்று கேள்வி போதும். சி.டி.ஆர்.ஐ. எண் என்ன? ஆய்வு என்றால் எதற்குப் பணம்? செல் கிடைக்காத அணியில் எத்தனை பேர், அவர்கள் எப்படி இருக்கிறார்கள்? மூன்றாவதற்குப் பதில் வராது. ஊசி போட்டவுடன் நடந்து போனவர்களின் வீடியோ வரும். வீடியோவுக்கு உப்பு நீர் அணி கிடையாது. ஏமாறுகிறவரைக் குறை சொல்வதிலும் அர்த்தமில்லை. பத்து வருஷம் வடிகிற புண்ணோடு வாழ்கிறவர், காப்பித் தோட்டத்துப் பங்கை விற்றாவது குணமடையத் துடிப்பார். அவரைத் தவறான இடத்துக்கு அனுப்புகிற அளவுக்கு நல்ல இடம் தூரமாக இருக்கிறது என்பதுதான் குறை.

நல்ல இடத்தில் வேலை எப்படி நடக்கும் என்பதற்கு மறுபடி வேலூரே சான்று. 2005இல் மத்திய அரசின் உதவியோடு சி.எம்.சி. வளாகத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. ஹீமோஃபீலியா நோயாளிகளின் ரத்த ஸ்டெம் செல்லில் செயல்படும் மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தும் சிகிச்சையை அலோக் ஸ்ரீவத்சவா குழுவினர் அங்கே செய்தார்கள். 2024 டிசம்பரில் அது வெளியானது. நோயாளிகள் ஐந்து பேர். சிகிச்சைக்குப் பின் அவர்களுக்கு ரத்தக்கசிவு நின்றது. பத்தொன்பது ஆண்டு கழித்து ஐந்து பேர் என்பது யாருக்கும் சலிப்பூட்டும் வேகம். சுவர் விளம்பரத்தில் ஏற்ற முடியாத வேகம். தமிழ்நாட்டில் குரோன் பௌத்திரத்துக்கு என்றாவது ஒரு செல் ஆய்வு நடந்தால் அதுவும் இதே வேகத்தில்தான் நடக்க வேண்டும். சேருகிற ஒவ்வொருவருக்கும் காசநோய் இல்லை என்பது முதலில் உறுதியாக வேண்டும், பிறகு இரு அணிக்கும் ஒரே சுத்தம், ஒரே தையல்.

அதுவரை என்ன செய்வது என்று கேட்பவருக்கு அந்த 46 சதவீதத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. கவனமாகத் தேர்ந்தெடுத்த ஆய்வு நோயாளிகளிடம் கிடைத்த எண் அது, எல்லோருக்கும் அப்படியே வாய்க்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அதைப் பெற்றுத் தந்தவை எம்.ஆர்.ஐ., வடிநூல், மயக்க மருந்து, பொறுமையான அறுவை நிபுணர், அழற்சியை அடக்கும் வழக்கமான மருந்துகள். அந்த மருந்துகளில் ஒன்றான அடலிமுமேப்பின் நகல் மருந்தை 2014இல் உலகிலேயே முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது ஓர் இந்திய நிறுவனம்தான். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலம். அங்கே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆறு வாரத்துக்கு மேல் ரத்தம் போகிறவரோ, ஆசனவாய் அருகே சீழ் வடிகிறவரோ அங்கே புறநோயாளிச் சீட்டு எடுத்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், மூலம் என்று நினைத்து இத்தனை நாள் இருந்துவிட்டேன், உள்ளே கேமரா விட்டுப் பாருங்கள் என்பது.